கண்ணகி ஏறிய மலை

போடிநாயக்கனூரில் எந்தத் தெருமுனையில் நின்று மேற்கே பார்த்தாலும் மலைதான் தெரியும். வடமேற்கில் குரங்கணி, அதற்கு மேலே கொழுக்குமலை, டாப் ஸ்டேஷன். நேர் மேற்கில் போடிமெட்டு. அங்கிருந்து தெற்கே தேவாரம், கோம்பை, கம்பம் என்று ஊருக்கு ஊர் கூடவே வரும் இந்த ஏலமலைத் தொடர், கூடலூருக்கு அப்பால் ஒரு சிகரத்தில் கண்ணகியைத் தாங்கி நிற்கிறது. மங்கலதேவி கண்ணகி கோட்டம். கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,337 மீட்டர் உயரம். தமிழக–கேரள எல்லையில் பெரியாறு புலிகள் காப்பகத்தை ஒட்டிய காட்டுக்குள் இருப்பதால் ஆண்டு முழுவதும் யாரையும் விடுவதில்லை. சித்திரா பௌர்ணமி அன்று ஒரு பகல் மட்டும் வழி திறக்கும்.

என் அம்மா வழிச் சொந்தங்கள் குரங்கணிக்காரர்கள். நடந்து நடந்தே உருவான ஊர் அது. மூணாற்றுத் தேயிலை 1908 முதல் சிறு ரயிலில் டாப் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து கம்பிவடத்தில் தொங்கியபடி குரங்கணி அடிவாரத்துக்கு இறங்கி, போடி வழியாக வெளியூர் போனது. 1924 வெள்ளம் அந்த ரயில் பாதையை அடித்துக்கொண்டு போய்விட்டது. ஆட்கள் ஏறி இறங்கிய ஒற்றையடிப் பாதைகள் மட்டும் தங்கின. 2018 மார்ச் 11 அன்று அதே சரிவுகளில் காய்ந்த புல்லில் பரவிய காட்டுத்தீயில் சிக்கி, மலையேற வந்தவர்களில் 23 பேர் உயிரிழந்தார்கள். அந்த நாளை எங்கள் ஊரில் யாரும் மறக்கவில்லை. இன்று வனத்துறையின் மலையேற்றத் திட்டத்தில் குரங்கணி–சாம்பலாறு பாதையில் நடக்கலாம். முன்பதிவு வேண்டும், வழிகாட்டி கூட வர வேண்டும். இத்தனை உயிர் போன மலைக்கு அந்தக் கட்டுப்பாடு தேவைதான். ஆனால் துணைக்கு ஆள் இல்லாமல், தன் போக்கில், ஒரு நேர்ச்சைபோல் மலை ஏற விரும்புகிறவளுக்கு எங்கள் பக்கத்தில் மிச்சம் இருப்பது கண்ணகி கோட்டத்துப் பாதைதான். அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் ஏறுவார்கள். என்றாலும் அவரவர் நடை அவரவருக்கு.

2025-ஆம் ஆண்டைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டு சித்திரா பௌர்ணமி மே 12, திங்கட்கிழமை வந்தது. அதே நாள்தான் புத்த பூர்ணிமாவும். இலங்கையில் வெசாக் விளக்குக் கூடுகள் ஒளிரும் நாளும் கண்ணகி மலை திறக்கும் நாளும் ஒன்றாக அமைந்ததை நாட்காட்டியில் பார்த்ததும் போவதென்று தீர்மானித்துவிட்டேன்.

கண்ணகிக்கும் புத்தருக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் மணிமேகலையைத் திறந்து பார்க்க வேண்டும். முழுதாக நமக்குக் கிடைத்திருக்கும் ஒரே தமிழ்ப் பௌத்தக் காப்பியம் அது. அதில் மணிமேகலை வஞ்சி நகருக்கு வந்து கண்ணகியின் படிமத்துக்கு முன்னால் நின்று அழுகிறாள். படிமம் பேசுகிறது. மதுரையை எரித்த வினை தன்னை விடாது என்றும், பிறவிகள் பல கடந்து, புத்தர் தோன்றி அறம் உரைக்கும் காலத்தில்தான் தனக்கும் கணவன் கோவலனுக்கும் விடுதலை என்றும் சொல்கிறது. நீதி கேட்டு ஊரை எரித்தவளைத் தெய்வமாக்கியது சிலப்பதிகாரம். அந்தத் தெய்வத்துக்கும் தணிய ஒரு கோபம் உண்டு என்று எழுதியது மணிமேகலை. இலங்கையில் சிங்களப் பௌத்தர்கள் அவளைப் பத்தினி தெய்யோ என்று வணங்குகிறார்கள். கண்டிப் பெரஹராவில் பத்தினி தேவாலயத்து ஊர்வலமும் உண்டு. மட்டக்களப்புத் தமிழர்கள் வைகாசியில் கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு செய்கிறார்கள். ஒரு பெண்ணின் சூட்டைத் தணிப்பதற்கே இரண்டு மொழிக்காரர்களும் இரண்டு மதத்தாரும் காலம் காலமாக மெனக்கெட்டிருக்கிறார்கள்.

போடியிலிருந்து கிளம்பியபோது விடிய வெகுநேரம் இருந்தது. சிலமலை, இராசிங்காபுரம், தேவாரம், பண்ணைப்புரம், கோம்பை, உத்தமபாளையம் என்று அடிவாரச் சாலை. கம்பத்தில் பளியன்குடி சிறப்புப் பேருந்து நின்றது. உட்கார இடமில்லை. பால்குடம் சுமக்கப் போகும் பெண்கள், மாவிளக்குத் தட்டை முந்தானையால் மூடிப் பிடித்தவர்கள், மொட்டை போட்ட பிள்ளைகள். அதே நேரத்தில் மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கிக்கொண்டிருப்பார் என்று ஒருவர் கைகூப்பினார். வைகையை நினைத்துக்கொண்டேன். கணவனின் கொலைச் செய்தி கேட்டு, ஊரை எரித்து, மேற்கு வாசல் வழியாக வெளியேறிய கண்ணகி அந்த ஆற்றின் கரையோடுதான் இரவென்றும் பகலென்றும் பாராமல் நடந்தாள். மதுரையிலிருந்து குமுளி சாலைவழியே நூறு கிலோமீட்டருக்கு மேல். நான் பேருந்தில் கடந்த தூரத்தையெல்லாம் அவள் வெறுங்காலில் கடந்திருக்க வேண்டும்.

கண்ணகி வந்து சேர்ந்ததாகச் சிலம்பு சொல்லும் மலை இதுதான் என்று 1963-இல் அறிவித்தவர் தஞ்சையைச் சேர்ந்த பேராசிரியர் சி. கோவிந்தராசனார். பூம்புகாரிலிருந்து கண்ணகி போன வழியைக் காப்பியத்தில் படித்ததோடு நிறுத்தாமல், ஊர் ஊராக அந்த வழியில் தானே நடந்து, ஆறும் குன்றும் துறையும் பொருந்துகின்றனவா என்று பார்த்துப் பார்த்து இங்கே வந்து சேர்ந்தவர். நூலைக் காலால் படித்த அந்த மனிதருக்குத் தமிழ்நாடு இன்னும் உரிய மரியாதை செய்யவில்லை என்பது என் ஆதங்கம்.

பளியன்குடி, லோயர்கேம்ப் பக்கத்தில் பளியர் மக்கள் வாழும் சிற்றூர். அன்று ஊரே வாசல் தெளித்து வைத்திருந்தது. வனத்துறையினர் பைகளைத் திறந்து பார்த்து, பிளாஸ்டிக் பாட்டில், பை எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். என்னிடம் எவர்சில்வர் பாட்டில் இருந்தது, விட்டார்கள். கேரளப் பக்கம் குமுளியிலிருந்து ஜீப்பில் மேலே வரை வந்துவிடலாம். தமிழகப் பக்கம் ஆறரை கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலாகக் காட்டுப் பாதை, நடைதான்.

முதல் ஒரு மணி நேரம் உற்சாகமாகப் போனது. மூங்கிலும் தேக்கும் கலந்த காடு, கீழே கேட்கும் உறுமிச் சத்தம், முன்னால் போகும் மஞ்சள் சேலைகள். ஏழரை மணிக்கெல்லாம் வெயில் ஏறிவிட்டது. மரங்கள் குறைந்து பாறையும் சரளையுமாக ஒரு செங்குத்து ஏற்றம் வந்தது. இரண்டு அடி வைத்தால் ஓர் அடி சறுக்கியது. காற்று அசையவில்லை. ஆயிரம் கால்கள் கிளப்பிய செம்புழுதி தொண்டையில் ஒட்டியது. வழியில் வைத்திருந்த தண்ணீர்த் தொட்டிக்கு நான் போய்ச் சேர்ந்தபோது முன்னால் போன கூட்டம் குடித்துத் தீர்த்திருந்தது. மறு நடை தண்ணீர் வந்துகொண்டிருப்பதாகச் சொன்னார்கள். என் பாட்டிலில் ஒரு மடக்குதான் மிச்சம்.

அந்த ஏற்றத்தின் நடுவில் இடது கெண்டைக்கால் இழுத்துப் பிடித்துக்கொண்டது. காலை மடக்கவும் முடியவில்லை, நீட்டவும் முடியவில்லை. பாதையோரப் பாறையைப் பிடித்தபடி உட்கார்ந்தேன். பக்கத்தில் போனவர்களின் கால்கள் மட்டும் கண்ணில் பட்டன. கண் இருட்டியது. இறங்கிப் போய்விடலாம் என்றால் இறங்குவதற்கும் அதே கால்தான் வேண்டும். பிற்பகலில் ஒரு நேரத்துக்குப் பிறகு மேலே விடமாட்டார்கள், மாலைக்குள் எல்லோரும் மலையை விட்டு இறங்கியாக வேண்டும் என்ற கணக்கு வேறு மனதுக்குள் ஓடியது. தனியாக வருவதன் பொருள் அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வீட்டில் தனியாக இருப்பவளுக்குச் சுவராவது துணை. மலையில் தன் உடம்பு ஒன்றுதான் துணை, அதுவும் அந்த நேரத்தில் சொல்பேச்சு கேட்கவில்லை.

"ஒத்தையிலயா வந்த தாயி?"

தலையில் பால்குடத்தோடு ஒரு மூதாட்டி நின்றார். கோம்பைக்காரர். பல்லாண்டுகளாக விடியற்காலை ஜீப்பில் மலைக்குப் போய் ஏலக்காய் எடுத்துப் பொழுது சாய ஊர் திரும்புகிறவர். எங்கள் பகுதியில் அப்படி ஆயிரக்கணக்கான பெண்கள். போடியில் ஏலம் போகும் ஏலக்காய் மூட்டைகள் அவர்கள் குனிந்து எடுத்தவை. ஏலக்காய் கைக்கு எட்டும் கிளையில் காய்ப்பதல்ல. செடியின் தூரிலிருந்து தரையோடு படரும் சரத்தில் காய்ப்பது. நாள் முழுவதும் ஈரச் சரிவில் குந்தியும் குனிந்தும் எடுக்க வேண்டும். சரிவில் நிற்பது எப்படி என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"ஆமா ஆத்தா, ஒத்தையிலதான்."

"அவளும் ஒத்தையிலதான வந்தா. எந்திரி, ஏறு."

பால்குடத்தை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு என் காலைத் தன் மடியில் தூக்கி வைத்தார். பெருவிரலை மேல்நோக்கி வளைத்துப் பிடித்துக்கொண்டு, மறு கையின் கட்டைவிரலால் கெண்டைச் சதையை மேலிருந்து கீழாக அழுத்தி இழுத்தார். உயிர் போய் வந்தது. பிறகு சேலை முடிச்சை அவிழ்த்து ஒரு துண்டு கருப்பட்டியும் இரண்டு கல் உப்பும் என் வாயில் போட்டார். "நேரா மேல பாத்து ஏறாத. காலைக் குறுக்க வையி, பாதத்த முழுசா ஊனு. மூச்சு வாங்கினா நில்லு, உக்காராத" என்றார். அப்படியே செய்தேன். கால் தாங்கியது. இருபது அடிக்கு ஒருமுறை நின்று, மறுபடி ஏறினேன். அவர் எனக்காகக் காத்திருக்கவில்லை. சுமந்த பால் வெயிலில் திரிந்துவிடும் என்று முன்னால் போய்விட்டார்.

பாதி வழிக்கு மேல் வேங்கை மரம் ஒன்று பாதையோரம் நின்றது. யாரோ கத்தியால் கீறிய இடத்தில் சிவந்த பால் கசிந்து, உறைந்து, கருஞ்சிவப்புப் பிசினாகப் பட்டையில் ஒட்டியிருந்தது. அதைக் காய்ச்சித்தான் எங்கள் பக்கத்தில் கைக்குழந்தைக்குப் பொட்டு வைப்பார்கள். கண்ணேறு படாமல் இருக்க. ஒரு மார்பை இழந்த கண்ணகி இந்த மலையில் வேங்கை மரத்தின் நிழலில்தான் நின்றாள் என்கிறது சிலம்பு. மதுரையை விட்ட பதினான்காம் நாள் வானத்திலிருந்து கோவலன் வந்து அவளைக் கூட்டிப்போனான். கண்டவர்கள் குன்றக் குறவர்கள். காயம்பட்டவளை நிற்க வைக்க, இரத்தம்போல் பால் கசியும் மரத்தை அந்தக் கவிஞர் தேர்ந்தெடுத்தது தற்செயல் என்று என்னால் நினைக்க முடியவில்லை. அந்தப் பிசினில் விரலை வைத்தேன். வெயிலில் இளகி, விரல் ரேகைகளில் ஏறிக்கொண்டது.

மரங்கள் முடிந்து புல்வெளி தொடங்கியதும் காற்று வந்தது. கிழக்கே கம்பம் பள்ளத்தாக்கு முழுவதும் விரிந்தது: திராட்சைத் தோட்டங்கள், தென்னந்தோப்புகள், முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் வயல்கள். மேற்கே கேரளத்துக் காடு, கரும்பச்சையாக அலையலையாய். இந்த இரண்டு நிலங்களுக்கும் இடையில் உள்ள முகட்டில்தான் கோட்டம்.

கோயிலைப் பார்த்ததும் மனம் கனத்தது. சுண்ணாம்புச் சாந்து இல்லாமல் கருங்கல்லின் மேல் கருங்கல்லை அடுக்கிய பழைய கட்டுமானம். மதில் பல இடங்களில் சரிந்து கிடக்கிறது. நான்கு சன்னிதிகள். மேற்கூரை போன இடமும், கல் விலகி வானம் தெரியும் இடமும் உண்டு. சேரன் செங்குட்டுவன் இமயத்தில் கல்லெடுத்து, கங்கையில் நீராட்டிக் கொண்டுவந்து கோட்டம் எடுத்தான், இலங்கைக் கயவாகு மன்னனும் அந்த விழாவுக்கு வந்திருந்தான் என்பது சிலம்பு சொல்லும் வரலாறு. இன்று அந்த விழா இரண்டு மாநிலங்களின் விழா. தேனி, இடுக்கி மாவட்ட ஆட்சியர்கள் முன்கூட்டியே கூடிப் பேசி நேரம், வழி, பாதுகாப்பு எல்லாம் முடிவு செய்கிறார்கள். ஒரு சன்னிதியில் கேரள முறைப் பூசை, இன்னொன்றில் தமிழ் வழிபாடு. பூவும் பட்டும் சந்தனமுமாக அம்மன் ஒரு பகல் மட்டும் முழு அலங்காரத்தில் இருப்பாள்.

வரிசை நீண்டது. நிழல் இல்லை. கால் மறுபடி மறுபடி இழுத்தது. எனக்கு முன்னால் இருந்த இளம்பெண் மயங்கிச் சாய்ந்தபோது பின்னால் நின்றவர்கள் தங்கள் முந்தானைகளை விரித்து அவளுக்குப் பந்தல் போட்டார்கள். மலையாளம் பேசும் ஒரு பெரியவர் தன் குடையை விரித்து நீட்டினார். மருத்துவக் குழு வந்து அவளைக் கூட்டிப்போகும் வரை யாரும் வரிசையில் முந்தவில்லை. சன்னிதிக்குள் எனக்குக் கிடைத்தது சில வினாடிகள்தான். என்ன வேண்டிக் கும்பிடுவது என்று யோசித்து வந்திருந்தேன். அந்த நேரத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. வளையல் ஒன்றை வாங்கிக்கொண்டு நகர்ந்தேன்.

வெளியே அன்னதானம் நடந்துகொண்டிருந்தது. இங்கே அதற்கு அமுதசுரபி என்றே பெயர் சொல்லிச் சோறு போடுகிறார்கள். மணிபல்லவத்துக் கோமுகிப் பொய்கையிலிருந்து புத்தர் பிறந்த திருநாளில் மேலெழுந்து மணிமேகலையின் கைக்கு வந்த பாத்திரத்தின் பெயர் அது. அதில் முதல் பிச்சை இட்டவள் ஆதிரை. அந்தச் சோற்றால் முதலில் யானைத்தீ என்னும் தீராப் பசி தீர்ந்தவள் காயசண்டிகை. கோவலனுக்கும் மாதவிக்கும் பிறந்தவள் மணிமேகலை. கண்ணகி அவளுக்குத் தாய் முறை. அந்தத் தாய் கையில் ஒற்றைச் சிலம்போடு அரண்மனைக்குப் போனாள். மகள் கையில் ஓட்டோடு ஊர்ப் பசி தீர்க்கப் போனாள். ஒரு குடும்பத்தின் இரண்டு பெண்கள், ஒரே அநீதிக்குச் சொன்ன இரண்டு பதில்கள். முதல் பதில் இல்லாமல் இரண்டாவது வந்திருக்காது. ஆனால் இந்த மலையில் இன்றுவரை ஓயாமல் நடப்பது இரண்டாவது. தொன்னையில் வாங்கிய சுடு சோற்றை நின்றபடியே சாப்பிடும்போது, புத்தரின் திருநாளில் கண்ணகியின் வாசலில் நிற்கிறேன் என்ற உணர்வு உடம்பின் வலியை மீறி வந்தது.

அப்போது இன்னொரு யாத்திரை நினைவுக்கு வந்தது. ஜப்பானில் ஷிகோகு தீவில் 88 பௌத்தக் கோயில்களை இணைத்து ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர் சுற்றுப்பாதை உண்டு. எட்டாம், ஒன்பதாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த கூகாய் என்னும் துறவியின் பெயரால் நடக்கும் யாத்திரை. தனியாக நடப்பவர்கூட அந்தத் துறவி தன்னுடன் நடப்பதாக நம்பித்தான் அடி எடுத்து வைப்பார். வழியோர ஊர்க்காரர்கள் அவருக்குப் பழம், தேநீர், சில்லறைக் காசு, சில நேரம் தங்க இடம் என்று கொடுப்பார்கள். கொடுப்பது அவர்களுக்கும் புண்ணியம். அங்கே ஒரு நாள் நடையின் கடுமையும் இங்கே ஒரு பகல் ஏற்றத்தின் கடுமையும் வெவ்வேறாக இருக்கலாம். நடப்பவரைத் தாங்குவது வழியில் உள்ளவர்களின் கடமை என்ற எண்ணம் இரண்டிலும் ஒன்றுதான். கோம்பை மூதாட்டியின் முடிச்சில் இருந்த கருப்பட்டி அந்தக் கடமையைச் சேர்ந்தது.

இறக்கம் ஏற்றத்தைவிடக் கொடியது. முழங்கால் நடுங்கியது. சரளையில் வழுக்கி ஒரு முறை விழுந்து உள்ளங்கை சிராய்த்தது. ஒரு கழியை ஊன்றிக்கொண்டு, மூதாட்டி சொன்னபடி காலைக் குறுக்கே வைத்து, பொழுது சாயும் முன் பளியன்குடிக்கு வந்து சேர்ந்தேன். ஊர் முகப்பில் ஒரு பந்தலில் மோர் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குடித்துக்கொண்டே இருந்தேன், ஊற்றியவர் எத்தனை டம்ளர் என்று எண்ணவில்லை.

பந்தலில் பேச்சு முழுவதும் சாலையைப் பற்றித்தான். கேரளப் பக்கம் ஜீப் வருகிறது, நம் பக்கமும் பளியன்குடியிலிருந்து சாலை போட வேண்டும் என்பது பல ஆண்டுக் கோரிக்கை. அதன் நியாயம் எனக்குத் தெரியும். நடக்க முடியாத முதியவர்களுக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கும் தமிழகப் பக்கத்திலிருந்து அம்மனைப் பார்க்க இன்று வழி இல்லை. குமுளி சுற்றி ஜீப் பிடித்தாக வேண்டும். இருந்தாலும், அந்த மலை ஏறி இறங்கிய காலோடு நான் சொல்வேன்: சாலை வேண்டாம். ஆண்டுக்கு ஒரு பகலுக்காகக் காட்டை வெட்டினால் மீதி நாட்களில் அந்தச் சாலை யாருக்குப் பயன்படும் என்று எல்லோருக்கும் தெரியும். நடக்க முடியாதவர்களைக் குமுளி வழியே கட்டணமின்றி அழைத்துப்போக ஏற்பாடு செய்யலாம். நடப்பவர்களுக்கு அரை கிலோமீட்டருக்கு ஒரு தண்ணீர்த் தொட்டி, செங்குத்து ஏற்றத்தில் பிடித்து ஏற ஒரு கயிறு, வெட்ட வெளியில் ஓலைப் பந்தல், ஒன்றிரண்டு இடங்களில் மருத்துவக் குழு. சரிந்த மதிலைக் கல் பிசகாமல் எடுத்துக் கட்டத் தெரிந்த தொல்லியல் வல்லுநர்கள். இவ்வளவும் போதும். இவற்றுக்குப் பெரும் பணம் வேண்டாம். இரண்டு மாநிலங்களும் மனம் வைக்க வேண்டும்.

கண்ணகி நடந்தாள் என்பதால்தான் இந்த மலை நமக்குக் கோயில். அவள் வழியில் வண்டியில் போய் இறங்குபவருக்கு மூச்சிரைப்பும் இல்லை, வேங்கை மரமும் கண்ணில் படாது, முடிச்சை அவிழ்த்து உப்புக் கொடுக்கும் ஒரு கையும் வாய்க்காது. முடிந்தவர்கள் நடந்து வாருங்கள். பெண்கள் தனியாகவும் வரலாம். எவர்சில்வர் பாட்டில் இரண்டு, கொஞ்சம் கருப்பட்டி, கல் உப்பு கொண்டு வாருங்கள். உங்களுக்குத் தேவைப்படாவிட்டாலும், அந்தச் செங்குத்தில் உட்கார்ந்திருக்கும் இன்னொருத்திக்குத் தேவைப்படும்.